பழைய கொம்பியூட்டரில் கலர் படம் வரவைப்பது எப்படி

போன மழைக்காலத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவன் உரச் சாக்கில் சுற்றி அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏதோ பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு கைக்கு வந்ததாம். "எல்லாம் வேலை செய்யுது அண்ணே. படம் மட்டும் கறுப்பு வெள்ளையாத்தான் வருது. கலர் சிப் போயிருச்சு போல" என்றான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். டீவியின் மஞ்சள் ஏவி சொக்கட்டிலிருந்து ஒரு வயரை எடுத்து, அமிகாவின் வட்ட வீடியோ சொக்கட்டில் குத்தியிருந்தான். கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அமிகா 500இல் அந்தச் சொக்கட்டில் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும்; செய்த கம்பனியே அப்படித்தான் விட்டிருக்கிறது. கலர் வருவது அதே பின்பக்கத்தில் இருக்கும் 23 முள் சொக்கட்டில்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் பார்ப்பது ப்ளக் போகிறதா என்றுதான். போகிற ப்ளக்கெல்லாம் படம் தராது. சில ப்ளக் சாமானையே சாகடித்துவிடும். அதனால் வயரைக் கையில் எடுக்கும் முன் மூன்று விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: கொம்பியூட்டரிலிருந்து வெளியே வருவது எந்த வகைச் சிக்னல், திரை செக்கனுக்கு எத்தனை வரி வரையக்கூடியது, சிக்னலின் வோல்ட் எவ்வளவு. இந்த மூன்றும் ஒத்துப்போனால் ப்ளக் பொருந்தாவிட்டாலும் கவலையில்லை, வயரை நாமே செய்துகொள்ளலாம்.

படத்துக்கு முன்னால் கரண்ட்

திரையைப் பற்றிப் பேச வந்தவன் கரண்டில் தொடங்குகிறேனே என்று நினைக்காதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய கொமடோர் 64ஐ, கூடவே வந்த கறுப்பு அடப்டரை நம்பி, வாங்கிய கையோடு பொயின்டில் செருகினேன். "ஓடுது தம்பி, நேத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். திரையில் வெறும் கறுப்பு. வயர் பிழை என்று இரண்டு நாள் வயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிழை அடப்டரில். அந்த அடப்டர்கள் வயதானால் 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் அதற்கு மேல் தரத் தொடங்கும். நினைவகச் சிப்புகள் அதைத் தாங்காது.

ஆகவே மல்டிமீட்டர் இல்லாமல் கொமடோர் 64ஐப் போடவே வேண்டாம். அடப்டரின் 7 முள் ப்ளக்கில் 5ஆம் முள்ளுக்கும் 2ஆம் முள்ளுக்கும் இடையில் 5 வோல்ட் நேர்மின் (டிசி) இருக்கவேண்டும், 5.25ஐத் தாண்டினால் அடப்டரை ஒதுக்கிவையுங்கள். 6, 7ஆம் முட்களில் வருவது 9 வோல்ட் மாறுமின் (ஏசி). ஸ்பெக்ட்ரம் 48இல் ஆபத்து வேறு மாதிரி. அது 9 வோல்ட் கேட்கும், ஆனால் ப்ளக்கின் நடுவில் மைனஸ். கடையில் இன்று கிடைக்கும் அடப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடுவில் ப்ளஸ். மாற்றிச் செருகினால் உள்ளே சிப்புகள் போகும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464க்குக் கூடவே அடப்டர் வருவதில்லை. அதனுடைய மொனிட்டர்தான் அதற்கு 5 வோல்ட் கொடுக்கும். மொனிட்டர் இல்லாமல் 464 கிடைத்தால் 5 வோல்டை வேறு வழியில் கொடுக்கலாம். அதே கம்பனியின் 6128 என்றால் டிஸ்க் ட்ரைவுக்கு 12 வோல்டும் வேண்டும்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த சாமான் என்றால் அடப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட் பொயின்டில் செருகினால் புகைதான்.

வெளியே வருவது என்ன

வீட்டுக் கொம்பியூட்டர்கள் படத்தை நான்கு விதமாக அனுப்புகின்றன. தரத்தில் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

முதலாவது அன்டெனா வழி. ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64ம் வெளிவந்தது 1982இல். இலங்கையின் ரூபவாஹினி டீவி ஒளிபரப்பு ஆரம்பித்ததும் அதே வருஷம். அன்றைக்கு டீவியில் இருந்தது அன்டெனா ஓட்டை ஒன்றுதான். அதனால் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையத்தைத் தகரப் பெட்டியில் அடைத்து வைத்தார்கள். இங்கிலாந்து ஸ்பெக்ட்ரம் யூஎச்எஃப் 36ஆம் சானலில், அதாவது 591 மெகாஹெர்ட்ஸ் அண்டையில், தன் படத்தை விடும். அன்டெனா வயரைக் கழற்றிவிட்டு கொம்பியூட்டரின் வயரைச் செருகி, டீவியைக் கையால் டியூன் செய்தால் சாம்பல் பூச்சிகளுக்கு நடுவே படம் எழும். தானாகச் சானல் தேடும் வசதியை நம்பவேண்டாம், பல டீவிகள் இந்தப் பலவீனமான சிக்னலைத் தாண்டிப் போய்விடும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்து டீவியில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், இலங்கையில் 5.5. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த கொமடோர் 64ஐ அன்டெனா வழியாகப் போட்டால் படம் நன்றாக வரும், சத்தம் மட்டும் வராது, இரைச்சல்தான் கேட்கும். கொம்பியூட்டர் ஊமையாகிவிட்டது என்று திறக்காதீர்கள். டீவியின் மெனுவில் சத்த முறையை 'ஐ' (I) என்று மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். ஸ்பெக்ட்ரம் 48க்கு இந்தத் தொல்லை இல்லை. அது தன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் கீச்சிடும்.

இரண்டாவது கொம்போசிட், அதாவது டீவியின் மஞ்சள் சொக்கட். வெளிச்சம், நிறம், வரி தொடங்கும் குறி எல்லாம் ஒரே வயரில். பெரும்பாலான புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். அன்டெனா வழியைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்கும், வயரும் மலிவு. குறை ஒன்று: எழுத்தின் ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் ஊரும். எழுதும் வேலை என்றால் டீவியில் கலரைக் குறைத்துவிடுங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும். அமிகா 500 மட்டுமல்ல, பிபிசி மைக்ரோ என்ற கொம்பியூட்டரும் சாதாரணமாக இதில் கறுப்பு வெள்ளைதான் தரும். பிபிசியில் போர்டிலுள்ள ஒரு லிங்கை இணைத்தால் நிறம் வரும்.

மூன்றாவதில் வெளிச்சம் ஒரு வயர், நிறம் ஒரு வயர். எஸ்-வீடியோ என்று பின்னால் பெயர் பெற்றது. கொமடோர் 64இன் 8 முள் சொக்கட்டில் இது ஒளிந்துகொண்டிருக்கிறது; மிக ஆரம்பத்தில் வந்தவற்றின் 5 முள் சொக்கட்டில் நிறத்தின் வயர் கிடையாது. டீவியில் நான்கு சின்ன முள் கொண்ட அந்த உருண்டை சொக்கட் இருந்தால் விடாதீர்கள். கொம்போசிட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பனி விலகின மாதிரி.

நான்காவது ஆர்ஜிபி. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில். படம் கண்ணாடி போல் இருக்கும். ஆனால் ஆர்ஜிபி என்ற ஒரே பெயரில் இரண்டு சாதி உண்டு, அவற்றைக் குழப்பினால்தான் மொனிட்டர் போகும். அமிகா, அட்டாரி எஸ்டி, ஆம்ஸ்ட்ராட் போன்றவற்றில் வருவது அனலொக்: ஒவ்வொரு நிறமும் கொஞ்சம், பாதி, முழுசு என்று அளவு மாறும், உச்சம் 0.7 வோல்ட் அளவில். பிபிசி மைக்ரோவிலும், 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சிஜிஏ என்ற படக் கார்டிலும் வருவது டிஜிட்டல்: நிறம் ஒன்று இருக்கிறது அல்லது இல்லை, 5 வோல்ட் அளவில். பிபிசிக்கு 8 நிறம். சிஜிஏ பிரகாசத்துக்கு நான்காவது வயரும் வைத்து 16 நிறம் காட்டும்.

வீட்டில் இருக்கிற திரை எதற்கு ஒத்துவரும்

வரிக்கணக்கை ஒரு தரம் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் டீவி முறைக்குப் பெயர் பால் (குடிக்கிற பால் இல்லை). அதில் ஒரு படத்துக்கு 625 வரி, செக்கனுக்கு 25 படம். பெருக்கினால் செக்கனுக்கு 15,625 வரி. பழைய வீட்டுக் கொம்பியூட்டர் எல்லாம் டீவிக்காகப் பிறந்தவை, அதனால் இந்த 15 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் வரையும். 1987இல் வந்த விஜிஏ மொனிட்டரோ 31 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைந்து வரையாது.

கடைகளில் தூக்கிப்போட்ட விஜிஏ மொனிட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கி அடுக்கிவைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 23 முள்ளிலிருந்து 15 முள்ளுக்கு மாற்றும் துண்டைப் போட்டால் அமிகா அழகாகப் பொருந்தும். திரையில் 'அளவுக்கு வெளியே' என்று ஒரு வரிதான் மிதக்கும். விதிவிலக்கு அட்டாரி எஸ்டியின் கறுப்பு வெள்ளை முறை. அது 35 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரைவதால் விஜிஏயில் ஓடும். மற்றவற்றுக்கு நடுவில் வரியை இரட்டிப்பாக்கும் போர்டு ஒன்று வேண்டும். ஜிபிஎஸ் 8200 என்ற பச்சைப் போர்டு இதில் மலிவானது: 15 கிலோஹெர்ட்ஸ் அனலொக் ஆர்ஜிபியை வாங்கி விஜிஏயாகத் தரும், 5 வோல்டில் ஓடும்.

என் கட்சி குழாய் டீவி. மலையகத்தில் அநேகமான வீடுகளில் தட்டையான டீவி வந்ததும் பழைய பெட்டி அலுமாரிக்கு மேலேயோ திண்ணை மூலையிலேயோ போய்விட்டது. முன்பக்கம் சின்ன மூடிக்குள்ளோ பின்பக்கமோ மஞ்சள் சொக்கட் இருக்கும் 14 அங்குலப் பெட்டி கிடைத்தால், வேறு மொனிட்டர் தேடி அலைய வேண்டாம். நம் பக்கத்துக்கு வந்த கடைசிக்காலப் பெட்டிகளில் பல, பால் முறையோடு அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையையும் ஏவி வழியாக ஏற்கும். கனடாக் கொமடோரும் அதில் நிறத்தோடு ஓடும். பால் மட்டும் தெரிந்த பெட்டியில் அது கறுப்பு வெள்ளையாக உருளும்.

அந்தப் பெட்டிகளின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சொக்கட் இருந்தால் உடனே துள்ளாதீர்கள். நிறத்தைப் பார்த்தால் ஆர்ஜிபி மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. அது கொம்போனன்ட். பச்சையில் வருவது வெளிச்சமும் வரிக்குறியும்; நீலத்திலும் சிவப்பிலும் வருவது நிறத்தின் வித்தியாசக் கணக்கு. அமிகாவின் மூன்று நிற வயரை நேரே அதில் குத்தினால் படம் நிற்காமல் கிழிந்து ஓடும். ஆர்ஜிபியைக் கொம்போனன்ட்டாக மாற்றும் சின்னப் பெட்டி விற்கிறார்கள், அதை நடுவில் போட்டால் அருமையான படம் கிடைக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த டீவி என்றால் 21 முள் ஸ்கார்ட் சொக்கட் இருக்கக்கூடும். இருந்தால் அது புதையல், அனலொக் ஆர்ஜிபியை நேரே எடுத்துக்கொள்ளும்.

கொமடோர் 1084 மாதிரி அந்தக் காலத்து மொனிட்டர் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அதன் பெரும்பாலான மொடல்கள் கொம்போசிட், வெளிச்சம்–நிறம், இரண்டு சாதி ஆர்ஜிபி எல்லாவற்றையும் ஏற்கும். சுவிட்சைச் சரியான பக்கம் தள்ள மறந்துவிட்டுத் திரை செத்துவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

தட்டையான புது டீவி? ஓடும், ஆனால் அரைமனதாக. ஸ்பெக்ட்ரமும் கொமடோரும் ஒற்றை, இரட்டை வரி என்று மாற்றி வரையாமல் 312 வரியையே திரும்பத் திரும்ப வரைகின்றன. புது டீவி அதைத் தவறாகப் புரிந்துகொண்டு நகரும் உருவத்தைச் சீப்பு மாதிரி கிழிக்கும், சில 'சிக்னல் இல்லை' என்றே சொல்லிவிடும். எச்டிஎம்ஐயாக மாற்றும் மலிவுப் பெட்டிகளும் அப்படியே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏவி சொக்கட் இல்லாத மிகப் பழைய டீவியில் ஒரு சொக்கட்டை ஈயம் வைத்துத் தரச் சொல்லி டீவி திருத்தும் பாஸிடம் கேட்காதீர்கள். அந்தப் பெட்டிகளில் பலவற்றின் உள்சட்டத்திலேயே 230 வோல்ட் ஓடும். அந்த வயர் உங்கள் கொம்பியூட்டருக்கும், கீபோர்டில் இருக்கும் உங்கள் விரலுக்கும் வந்துசேரும். அதற்கு அன்டெனா வழிதான் ஒரே பாதுகாப்பான வழி.

ஒரு வயர் செய்வோம்

கொமடோர் 64க்கு எஸ்-வீடியோ வயர் செய்வது நல்ல ஆரம்பம். 8 முள் டின் (DIN) என்ற வட்ட ப்ளக், ஒரு பழைய எஸ்-வீடியோ வயர், சத்தத்துக்கு ஓர் ஆர்சிஏ வயர் (ஏவி சொக்கட்டில் குத்தும் வகை), 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சோல்டரிங் அயர்ன்.

டின் ப்ளக்கின் முள் எண்கள் வரிசையாக ஓடாது. ஓரத்திலிருந்து எண்ணினால் ஐந்து முள் ப்ளக்கில் 1, 4, 2, 5, 3 என்று வரும். அதோடு, முள்பக்கம் பார்த்தால் ஒரு திசை, ஈயம் வைக்கும் பக்கம் பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்த்திசை. நான் இதில் மூன்று முறை பிழைத்தேன், அதாவது பிழை விட்டேன். இப்போது ப்ளக்கின் உள்ளே பிளாஸ்டிக்கில் குண்டூசித் தலை அளவில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அயர்னைச் சூடாக்குவேன்.

1ஆம் முள் வெளிச்சம், 2 எர்த், 3 சத்தம், 4 கொம்போசிட், 6 நிறம். வெளிச்சத்தை நேரே இணையுங்கள். நிறத்தின் வயரில் மட்டும் ரெசிஸ்டரை நடுவில் வையுங்கள். கொமடோர் அதை எஸ்-வீடியோ எதிர்பார்ப்பதைவிட உரத்து விடுகிறது, அப்படியே கொடுத்தால் சிவப்பு பற்றியெரியும். முதலில் எல்லா வயரிலும் பாதுகாப்புக் குழாயை ஏற்றிவிட்டுத்தான் ஈயம் வைக்கவேண்டும். வைத்தபின் ஏற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறப்போம். சூடு முள்ளில் நிற்கும் நேரம் இரண்டு மூன்று செக்கன் போதும். அதிகமானால் பிளாஸ்டிக் இளகி முள் சாயும். தடுக்க ஒரு வழி, பழைய சொக்கட் ஒன்றில் ப்ளக்கைச் செருகி வைத்துக்கொண்டு ஈயம் வைப்பது. முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு முள்ளுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிபிசியின் டிஜிட்டல் ஆர்ஜிபியை அனலொக் திரைக்குக் கொடுக்கவும் ரெசிஸ்டர்தான் கைகொடுக்கும். திரையின் உள்ளே 75 ஓம் இருக்கிறது. வயரில் 470 ஓம் வைத்தால் 5 வோல்ட் 545 ஓமில் பங்காகி, திரைக்குக் கிடைப்பது 0.69 வோல்ட். அளவான சாப்பாடு. 6 முள் சொக்கட்டில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், 4 வரிக்குறி, 5 எர்த். நான்கு வயருக்கும் ஒவ்வொன்று வையுங்கள். 6ஆம் முள்ளில் 5 வோல்ட் நிற்கிறது, அதைத் தொடவே வேண்டாம். சிஜிஏக்கு இந்தச் சுலபமான வழி போதாது, நான்காவது பிரகாச வயரைக் கலக்கத் தனிச் சர்க்கிட் வேண்டும்.

முதல் முறை போடும்போது

நானுஓயா, நுவரெலியாப் பக்கம் பல வருஷம் மூலையில் கிடந்த குழாய்ப் பெட்டியைக் கொண்டுவந்த அன்றே போடாதீர்கள். பனியின் ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்து உள்ளே பசைபோலப் படிந்திருக்கும். குழாய்க்குப் போகும் வோல்ட் 20,000க்கு மேல். ஈரம் இருந்தால் அது வழியைத் தேடிக்கொள்ளும். 'சிர்ர்' என்று சத்தமும் இடி விழுந்த பிறகு வருமே, அந்த வாசமும் வந்தால் உடனே பிடுங்குங்கள். காய்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். எங்கள் வீட்டில் அலுமாரிக்குள் உடுப்பு பூக்காமலிருக்க ஒரு குண்டு பல்ப் எரியும்; மொனிட்டரையும் அதன் பக்கத்தில்தான் வைப்பேன். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றவேண்டாம், பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

எல்லாம் அணைந்திருக்கும்போதே வயர்களைச் செருகுங்கள். முதலில் திரை, அது சூடானதும் கொம்பியூட்டர். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கிளம்பினால் பொயின்டை மட்டுமல்ல, அன்டெனா வயரையும் கழற்றி எறியுங்கள். உயரக் கம்பத்தில் பிதுருதாலகால மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அன்டெனா, மின்னலுக்கு முதல் வீடு.

படம் வந்தும் மனசுக்குப் பிடிக்கவில்லையா? ஒரு மூலையில் பச்சையோ ஊதாவோ கறை இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள், காந்தம்தான் காரணம். ஸ்பீக்கரைத் தள்ளிவைத்து, டீவியை அரைமணி நேரம் ஆறவிட்டுப் போட்டால், போடும்போது கேட்கும் அந்த 'டொங்' கறையைத் துடைத்துவிடும். ஒரு நிறம் முழுதாக இல்லையென்றால் அந்த வயரின் ஈயத்தைப் பாருங்கள். படம் சாய்ந்து கிழிந்தால் வரிக்குறி வயர். மெல்ல மேலேறும் சாம்பல் பட்டை தெரிந்தால் எர்த், அல்லது அடப்டரின் கிழட்டுக் கப்பாசிட்டர். லயத்தின் கடைசி வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்ட் இறங்கிப் படம் சுருங்குவதும் உண்டு. அதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட, காலையில் விளையாடுவது மலிவு.

தலவாக்கலைத் தம்பிக்கு 23 முள் ப்ளக் கிடைக்கவில்லை, இப்போது அது அரிதான சாமான். 25 முள் ப்ளக் ஒன்றின் ஓரத்தில் இரண்டு முள்ளை அறுத்துத் தேய்த்துக் கொடுத்தேன். கொம்போனன்ட் பெட்டியைக் கொழும்பிலிருந்து வரவழைத்தான். அவன் வீட்டில் அது ஓடுகிறது. வயரின் கழுத்தில் ப்ளாஸ்டர் ஒட்டி 'அமிகா மட்டும்' என்று எழுதியிருக்கிறான், தங்கச்சி அதை டிவிடி ப்ளேயரில் செருகிப் பார்த்துவிட்டாளாம்.